ஐந்து அவுன்ஸ் அரிசியும் ஒரு பிடியும்

பாளையங்கோட்டையில் உலையில் போட எடுத்த அரிசி முழுவதும் உலைக்குள் போவதில்லை. களைவதற்கு முன் கிறிஸ்தவப் பெண்கள் ஒரு பிடி அள்ளி அடுப்படி மூலையிலிருக்கும் மண்பானையில் போடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குக் காணிக்கையாகப் போகிறது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் காணிக்கை என்றால் ஐயா சட்டைப்பையிலிருந்து எடுக்கும் காசுதான். 1912இல் இங்கே பள்ளிக்கூட வாத்தியாராக வந்த முதல் வாரம், சமையல் செய்யும் ஞானம்மாள் இப்படி அள்ளுவதைக் கண்டு, அரிசி திருடுகிறார் என்றே நினைத்துவிட்டேன். விஷயம் தெரிந்ததும் வெட்கமாகிவிட்டது. பிறகு அதைக் கவனிப்பதையே விட்டுவிட்டேன்.

வந்த ஆறாம் மாதம் எனக்குத் தாகம் பிடித்தது. செம்பு செம்பாகக் குடித்தும் நா வறண்டது. ஞானம்மாளுக்கோ பெருமை தாங்கவில்லை. "தாமிரவருணித் தண்ணில்லா! ஒருக்கா குடிச்சவுக விடமாட்டாக" என்று குடத்தை நிரப்பிக்கொண்டே இருந்தார். கிணற்று உவர்த்தண்ணீரில் வளர்ந்த நானும் ஆற்றின் ருசிதான் என்று நம்பிக் குடித்தேன். வேட்டி இடுப்பில் நிற்க மறுத்தபோதுதான் டாக்டரிடம் போனேன். என் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, நீல மருந்து சேர்த்துச் சாராய விளக்கில் காட்டினார். சர்க்கரை இருந்ததால் நீலம் செங்கல் நிறமாயிற்று. நீரிழிவு. எனக்கு வயது இருபத்து நான்கு.

"இந்த வயசுல வந்தா மருந்து கிடையாதுவே" என்றார் டாக்டர். "அரிசியைத் தராசுல நிறுத்துத்தான் பொங்கித் தின்னணும். நீலம் நிக்குற அளவைக் கண்டுபிடிப்போம். அஞ்சு அவுன்ஸ் தின்னும் ஒரு மாசம் நீலம் மாறலைன்னா தைரியமாக் கப்பல் ஏறும்."

கப்பல் என்றால் தூத்துக்குடியிலிருந்து கொழும்பு, பிறகு ரயிலில் யாழ்ப்பாணம், அம்மா. அன்றுமுதல் தினமும் காலையில் சின்னத் தராசில் அரிசியை நானே நிறுத்து ஞானம்மாளிடம் கொடுத்தேன். டாக்டர் கொடுத்த குழாயிலும் மருந்திலும் சிறுநீரை நானே காய்ச்சிப் பார்த்தேன். மூன்று அவுன்ஸில் நீலம். நான்கில் நீலம். ஐந்திலும் நீலம்! மெலிந்துகொண்டுதான் வந்தேன், ஆனாலும் குழாய் நீலமாக இருந்தது. மார்கழியில் வருகிறேன் என்று அம்மாவுக்கு எழுதினேன். ஒரு டிரங்குப் பெட்டி வாங்கி, மூடியில் எங்கள் ஊர்ப் பெயரை வெள்ளைச் சாயத்தில் எழுதினேன்.

மாதம் முடிய ஐந்து நாள் இருக்கையில் ஞானம்மாள் மகளைப் பார்க்கத் தச்சநல்லூர் போனார். நானே பொங்கினேன். எவ்வளவு அரிசி எவ்வளவு சோறாகும் என்று தெரியாத ஆண்பிள்ளை நான். வட்டில் நிறையச் சோறு இருந்ததைக் கண்டு என் கைராசி என்று மகிழ்ந்து சாப்பிட்டேன். மூன்றாம் நாள் காலை குழாய் செங்கல் நிறமாயிற்று. இன்னொரு முறை காய்ச்சினேன். அதே நிறம்தான்.

அன்று காலையே ஞானம்மாள் திரும்பிவிட்டார். நிறுத்த அரிசியைக் கொடுத்துவிட்டு, போக மனமில்லாமல் அடுப்படியிலேயே நின்றேன். அவர் ஒரு பிடி அள்ளிப் பானையில் போட்டார்.

"இந்த அரிசியிலயும் எடுத்தனீங்களோ? ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"எடுக்காம எப்பிடிய்யா உலையில போட? வியாதிக்காரருக்குப் பொங்குத அரிசி. அதுல ஆண்டவர் பங்கை விட்டா வெளங்குமா?"

எனக்கு வந்த கோபத்தை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. கத்தினேன். அவர் அடுப்பை ஊதினார். சட்டியில் மிஞ்சியதை வாங்கி நிறுத்துப் பார்த்தேன். மூன்று அவுன்ஸ்கூட இல்லை. டாக்டரிடம் ஓடினேன்.

"நோய் குறையலைவே. அந்தம்மா கைதான் குறைச்சிருக்கு. நான் சொன்ன அஞ்சு அவுன்ஸையும் தின்னிருந்தீர்னா..." என்றவர் குழாயைக் கழுவ எழுந்தார். மார்கழிக் கப்பலைப் பற்றி நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து அழுதேன். ஊருக்குப் போகப் போகிறேன் என்று என்னை நம்பவைத்தது அந்தப் பிடிதான். இதுவரை உயிரோடு வைத்திருந்ததும் அதுதான். யாரைக் கோபிக்க? மறுநாள் ஞானம்மாளிடம், "இனி மூன்றுக்கும் குறைச்சே நிறுத்துத் தாறன். அதில கை வைக்காதேங்கோ" என்றேன்.

"ஒங்க பங்கு கொறையட்டும்யா. ஆண்டவர் பங்கு எதுக்குக் கொறையணும்?" என்றார்.

இப்போது எனக்கானதைத் தராசில் நிறுத்துவிட்டு, பானைக்கான பிடியை மூட்டையிலிருந்து நானே அள்ளிப் போடுகிறேன். அம்மாவுக்கு இன்னும் எழுதவில்லை. அடுப்படியில் எலித் தொல்லை என்று ஞானம்மாள் பானையை என் அறைக்குக் கொண்டுவந்து, உயரமாக இருக்கட்டும் என்று டிரங்குப் பெட்டியின் மேல் வைத்திருக்கிறார். எங்கள் ஊர்ப் பெயரில் பாதி பானைக்கு அடியில் மறைந்திருக்கிறது. பெட்டியைத் திறக்க வேண்டுமானால் முதலில் பானையை இறக்கவேண்டும். ஞாயிறுதோறும் ஞானம்மாள் அதைக் கோயிலுக்கு எடுத்துக்கொண்டு போகிறார். அவர் திரும்பி வரும்வரை ஊர்ப் பெயர் முழுதாகத் தெரிகிறது.