பூட்டுக்காரர் நாய்க்கு வைத்த பேர்

அந்தத் தெருவில் எந்த வீட்டுப் பூட்டு மக்கர் செய்தாலும் பூட்டுக்காரரைத்தான் கூப்பிடுவார்கள். முன்னால் கடை, பின்னால் வீடு. நாள் முழுக்க அவர் கையில் அரம் கத்தும், அவர் வாய் திறக்காது. சாவி எப்போது கிடைக்கும் என்று கேட்டால் "சாயங்காலம்". சாயங்காலம் போய்க் கேட்டால் "நாளைக்கு". வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற மனுஷன். கட்டிய மனைவியை முப்பது வருஷமாக "இந்தா" என்றுதான் கூப்பிடுகிறார். அவளும் திரும்பிப் பார்க்கிறாள். வேறென்ன செய்வாள்?

அப்பேர்ப்பட்டவர் கடையிலேயே போன மாதம் திருடன் புகுந்துவிட்டான். போனது ஒரு டிரில் மெஷின்தான். ஆனால் வந்தவன் எதையும் உடைக்கவில்லை. அவர் கையால் செய்து மாட்டிய பூட்டை நிதானமாகத் திறந்து, வேலை முடிந்ததும் மறுபடி பூட்டிவிட்டுப் போயிருந்தான்.

"அண்ணே, அவனைத் தேடிப் பிடிச்சு வேலைக்கு வெச்சுக்குங்க. நல்ல கைக்காரன்" என்றார் பக்கத்து சலூன்காரர். கன்னத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தவர்கூடச் சிரித்தார்.

மறுவாரமே மரக்கடையிலிருந்து ஒரு கறுப்பு நாயைக் கொண்டுவந்து கட்டினார் பூட்டுக்காரர். கன்றுக்குட்டி உயரம். உறுமினால் ஷட்டர் அதிரும். என்ன பேர் வைக்கலாம் என்று தெருவே யோசனை சொன்னது. டைகர் என்றார்கள், ஜிம்மி என்றார்கள், புல்லட் என்றார் சலூன்காரர். பூட்டுக்காரர் எதற்கும் தலையாட்டவில்லை. ஊருக்கெல்லாம் தெரிந்த பேர், வாசலில் மாட்டிவைத்த சாவி என்பது அவர் கட்சி. பேர் தெரிந்தவன் கூப்பிடுவான், தடவிக் கொடுப்பான், உள்ளே போவான். ஆகவே நாயின் பேர் பரம ரகசியம். தினமும் காலையில் பின்கட்டு அறைக்குள் நாயோடு போய்த் தாழ் போட்டுக்கொள்வார். ஒரு எலும்பு, ஒரு தடவை பேர். இன்னொரு எலும்பு, இன்னொரு தடவை. கதவில் காதை வைத்தாலும் ஒன்றும் கேட்காது.

மனைவி ஒரு வாரம் பொறுத்தாள்.

"எனக்காவது சொல்லக்கூடாதா?"

"ஒரு பூட்டுக்கு ஒரு சாவிதான்."

"நான் யாரு, திருடியா? இந்த வீட்டுச் சாவிக்கொத்து முப்பது வருஷமா என் இடுப்புலதான் கிடக்கு. நாய் பேரைச் சொல்லத்தான் நம்பிக்கை இல்லையாக்கும்!"

அவர் அரத்தை எடுத்துக்கொண்டார். அதோடு அவள் பேச்சை நிறுத்தினாள். சாப்பாடு ஆச்சா என்று கேட்டால் "ஆச்சு". எங்கே போகிறாய் என்றால் "கடைக்கு". தன் மருந்தைத் தானே குடித்துப் பார்த்தபோதுதான் அதன் கசப்பு பூட்டுக்காரருக்குத் தெரிந்தது. இந்த வீட்டில் இத்தனை நாள் பேச்சுச் சத்தம் இருந்ததே அவளால்தான். அவள் பேசாத வீட்டில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆனாலும் ரகசியத்தை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

பத்தாம் நாள் மத்தியானம், சங்கிலிக் கொக்கி கழன்று நாய் வெளியே பாய்ந்தது. தெருமுனையில் லாரிகள் ஓடுகிற பெரிய சாலை. எதிர்ப்பக்கம் கடைக்குப் போய்த் திரும்பிய மனைவி பையோடு நிற்க, அவளைப் பார்த்துவிட்ட நாய் சாலை நடுவில் போய் நின்றது. இரண்டு பக்கமும் லாரி. "டைகர்! புல்லட்! ஜிம்மி!" என்று தெரு முழுக்கக் கத்தியது. நாய் காதைக்கூட அசைக்கவில்லை. மனைவி வாயைத் திறந்தாள், திறந்தபடியே நின்றாள். என்னவென்று கூப்பிடுவாள் பாவம்?

பூட்டுக்காரர் ஓடிவந்தார். உதடு இரண்டு முறை அசைந்தது, சத்தம் வரவில்லை. மூன்றாம் முறை அடிவயிற்றிலிருந்து வந்தது.

"கண்ணூ! ஏ கண்ணு! வாடா கண்ணு!"

நாய் ஒரே தாவலில் அவர் காலடிக்கு வந்தது. நாலைந்து பெண்களும் இரண்டு குழந்தைகளும் ஒரு தபால்காரரும்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். சலூன்காரர் கத்தரியோடு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "அண்ணே, இது ஒரு பூட்டுச் சாவி இல்ல. ஊரையே திறக்கிற சாவி!"

வீட்டுக்குள் வந்ததும் மனைவி விரதத்தைக் கலைத்தாள்.

"ஏங்க, எந்த நாயைப் பார்த்தாலும் ஊர்ல முதல்ல சொல்ற வார்த்தையே அதுதானே? 'வா கண்ணு'ன்னுதானே திருடனும் கூப்பிடுவான்?"

பூட்டுக்காரர் நிஜமாகவே திகைத்தார். "அப்படியா? நான் யாரையும் அப்படிக் கூப்பிட்டதே இல்லையே. அதனால வேற யாருக்கும் தோணாதுன்னு நெனச்சேன்."

"கூப்பிட்டதில்லைன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் இடுப்புச் சாவிக்கொத்தைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

அவர் நாயைப் பின்கட்டில் கட்டிவிட்டு வந்தார்.

"நாய்க்கு வேற பேர் நீயே வெச்சிடு" என்றார். "இந்தப் பேரை..."

"இந்தப் பேரை?"

"நீ எடுத்துக்கோ."

"நல்லாயிருக்கே! நாய் போட்டுக் கழிச்ச பேரா எனக்கு?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.