மொட்டைமாடியில் குதித்த அத்தை

அத்தை ராக்கெட்டில் போகப்போகிறாள் என்ற செய்தி எங்கள் தெருவுக்கு அப்பா வாயால்தான் தெரிந்தது. அத்தை அப்பாவின் ஒரே தங்கை, விமானப்படையில் டாக்டர். விமானம் ஓட்டுகிறவர்களின் உடம்பைச் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. ஊரார் உடம்பைச் சோதித்தவளை, கடைசியில் அவளையே சோதிக்கக் கூப்பிட்டுவிட்டார்கள். விண்வெளிக்குப் போகிறவர்களில் ஒரு டாக்டரும் வேண்டுமாம். நாற்காலியில் உட்காரவைத்துத் தட்டாமாலை சுற்றியதிலும், இருட்டறையில் தனியாக அடைத்துப் போட்டதிலும் அத்தை தேறிவிட்டாள். உடம்பு முழுக்க ஒரு ஸ்கேன் மட்டும் பாக்கி. அதற்கு முன்னால் விடுமுறைக்குக் கோவில்பட்டி வந்திருந்தாள்.

"எல்லாம் நம்ம ஊருத் தண்ணி, அண்ணாச்சி. கரிசக்காட்டுத் தண்ணி குடிச்சு வளந்த உடம்புல்லா!" என்று அப்பா தன் தீப்பெட்டி ஆபீஸுக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தத் தண்ணீர் எங்கள் தெரு அடிபம்புத் தண்ணீர். வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். குடத்தின் உள்ளே சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளையாகப் படிந்திருக்கும். அம்மா புளி போட்டுத் தேய்த்தாலும் போகாது. அத்தை அந்த முறை அதைத் தொடவே இல்லை. வண்டியில் விற்கிற ஆற்றுத் தண்ணீரை வாங்கச் சொல்லி, நாளெல்லாம் குடித்துக்கொண்டே இருந்தாள். "நம்ம வீட்டுத் தண்ணி இப்பம் டாக்டரம்மாவுக்கு ஆகல போல" என்று அம்மா முனகினாள். "இன்னும் ஒரு செம்பு தாங்க மைனி" என்று சிரித்தாள் அத்தை.

விடிந்ததும் மொட்டைமாடிக்குப் போய்க் குதிப்பாள். ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த எனக்கு விஷயம் உடனே விளங்கிவிட்டது. நிலாவில் மனிதர்கள் குதித்துக் குதித்து நடப்பதை டிவியில் பார்த்தவள் நான்.

"நிலாவுக்குப் பயிற்சியா அத்தை?"

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஆமாட்டி. குதிங்கால் ஓங்கித் தரையில விழணும். வா, நீயும் குதி."

தெருப்பிள்ளைகளையும் கூட்டி வந்துவிட்டேன். கல்யாணமாகாத பொம்பளைப் பிள்ளை இப்படியா குதிக்கும் என்று எதிர்வீட்டுக்காரி மூக்கில் விரல் வைத்தாள். அவளுக்கு விண்வெளியைப் பற்றி விளக்கும் பொறுப்பையும் நானே எடுத்துக்கொண்டேன்.

ஒருநாள் எட்டயபுரத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். அப்பாவின் ஸ்கூட்டரில் முன்னால் நான் நிற்க, பின்னால் அத்தை. தார்ரோடு வேண்டாம், காட்டுப்பாதையில் விடு என்றாள்.

"நல்ல ரோடு இருக்கையில வண்டித்தடம் எதுக்குட்டி?"

"காட்டப் பாத்து நாளாச்சு, ஓட்டுண்ணே."

வெடித்துக் கிடந்த கரிசலில் ஸ்கூட்டர் எங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது. எனக்கோ ஒரே கொண்டாட்டம். திடீரென்று அத்தை வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். இடுப்பில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் வேர்வை. "வெயிலுண்ணே" என்றாள். அப்பா அந்தக் கை இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வலி அவருக்கும் வந்திருக்கிறது. எங்கள் தெருவில் அது வராத வீடு கிடையாது. சிறுநீரகத்தில் கல். கடுகளவு இருந்தாலும் மேலே அனுப்பமாட்டார்கள் என்பதும், ஸ்கேனுக்கு முன்னால் அதை இறக்கிவிடத்தான் அத்தை அத்தனை தண்ணீர் குடித்தாள், குதித்தாள், குலுங்குகிற பாதையாகக் கேட்டாள் என்பதும் நான் வளர்ந்த பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டவை. அண்ணனும் தங்கையும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தபோது நான் காய்ந்த செடிகளில் மிஞ்சிய பருத்தியைப் பறித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளிலிருந்து அப்பா தினமும் மார்க்கெட்டிலிருந்து வாழைத்தண்டோடு வந்தார். தண்ணீர்ப் பெருமையை நிறுத்திவிட்டார். காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தொந்தி குலுங்க, அத்தைக்குப் பக்கத்தில் நின்று அவரும் குதித்தார். அதற்குப் பிறகு எதிர்வீட்டுக்காரிக்கு அப்பாவைப் பார்த்துச் சிரிக்கவே நேரம் போதவில்லை. அப்பாவும் ராக்கெட்டில் போகிறாரா என்று நான் கேட்டேன். "ஒங்க அத்தைக்குத் தொணைக்கு ஆள் வேணாமா?" என்றார், மூச்சு வாங்க. எவ்வளவு நல்ல காலைகள் அவை!

அத்தை வேலைக்குத் திரும்பிப் போன மறுவாரம் சாயங்காலம் போன் வந்தது. அப்பா நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "சரிட்டி" என்றார். "பரவாயில்லட்டி" என்றார். கடைசியில், "சாப்பிட்டியா?" என்று கேட்டார். மேலே போகிறவர்களைச் சோதித்து அனுப்பும் டாக்டர்களில் ஒருத்தியாகத்தான் அத்தை இன்றும் இருக்கிறாள்.

போனை வைத்துவிட்டு அப்பா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். அத்தை போன பிறகு வீட்டில் பழையபடி பம்புத் தண்ணீர்தான். நான் ஒரு தம்ளரில் மொண்டு கொடுத்தேன். கையில் வாங்கியவர் குடிக்கவில்லை. அந்தத் தண்ணீரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கீழே வைத்துவிட்டார்.

எறும்பு ஏதாவது கிடக்கும் என்று நினைத்தேன். அதைக் கொட்டிவிட்டு, அதே குடத்திலிருந்து இன்னொரு தம்ளர் மொண்டு வந்து நீட்டினேன்.