கிழங்கில் இறங்கிய கொம்பு

வியாழக்கிழமை காலை பல் விளக்கிக்கொண்டே தோட்டத்துப் பக்கம் போனவள், வாயில் நுரையோடு கத்திவிட்டேன். டேலியாவின் முதல் மொட்டு பிரிந்திருந்தது. முந்தின நாள் வரை பெரிய நெல்லிக்காய் போல இறுகிக் கிடந்தது, இப்போது ஒரு பக்கம் கட்டவிழ்ந்து கருஞ்சிவப்பு இதழ்களை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. ஒவ்வோர் இதழின் நுனியிலும் ஒரு சொட்டு வெள்ளை. பால் குடித்துவிட்டு வாயைத் துடைக்காமல் ஓடிவந்த பிள்ளைகள் ஒரு வகுப்பு நிறைய நின்றால் எப்படி இருக்கும், அப்படி. வாய் கொப்பளிக்கும் பொறுமைகூட இல்லை. போனை எடுத்தேன்.

“ஆபா! அதே கலர்! அதே வெள்ளை!”

அக்காவை ஆபா என்பது அவர்கள் வீட்டு வழக்கம். நான் கூடப் பிறக்கவில்லை, இருந்தாலும் வாணியம்பாடியில் எங்கள் மொட்டை மாடியும் அவர்கள் மொட்டை மாடியும் ஒட்டியிருந்த இருபது வருடத்தில் எனக்கும் அவர் ஆபா ஆகிவிட்டார். தோல் வியாபாரக் குடும்பம். கீழே வீடு முழுக்கக் கணக்கும் போனும் விருந்தாளிகளுமாக இரைந்துகொண்டிருக்கும்போது, மேலே ஆபா தொட்டி தொட்டியாக டேலியா வளர்த்தார். வெயில் வருடத்துக்கு நாலைந்தாக அவற்றைத் தின்றது. நான் இந்த மலைக்குக் குடிவந்தபோது பாதித் தொட்டிகளில் வெறும் மண். போன பங்குனியில் மிஞ்சியது ஒரே ஒரு கிழங்குக் கொத்து. நாலு கிழங்கு, மேலே ஒரு முளை. அதைச் செய்தித்தாளில் சுற்றி, டிரைவர் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார்.

“உன் மலையில பொழைக்க வை. இது போச்சுன்னா இந்த ஜாதியே போச்சுடீ. திருப்பி எங்கேயும் வாங்க முடியாது,” என்றார் போனில்.

அந்தக் கொத்துதான் இப்போது என் மார்பு உயரம் வளர்ந்து, ஏழு மொட்டுகளோடு நின்றது.

எத்தனை இதழில் வெள்ளை இருக்கிறது என்று ஆபா கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு, “ஞாயித்துக்கிழமை வர்றேன்,” என்றார்.

ஆலங்காயம் தாண்டி முதல் வளைவிலேயே குடலைப் புரட்டும் மனுஷி. நான் இங்கே வந்து இரண்டு வருடமாகியும் ஒரு தடவை ஏறியதில்லை. ஒரு பூவுக்காக வருகிறேன் என்கிறார்!

அன்று மதியமே மழை பிடித்துக்கொண்டது. ஆவணி மழைக்கு இந்த மலையில் முன்னறிவிப்பெல்லாம் கிடையாது. புளியமரத்துக்கு அந்தப் பக்கம் வெயில் அடிக்கும்போதே இந்தப் பக்கம் கொட்டும். நின்ற பிறகு போய்ப் பார்த்தால் செடி கிழக்கே சாய்ந்திருந்தது. டேலியாவின் தண்டு உள்ளே வெறும் குழாய். மேலே தலையோ தட்டு அகலத்துக்கு விரியப்போகிறது. தண்ணீரும் சேர்ந்தால் அந்தத் தலையை அந்தக் கழுத்து தாங்காது.

டேலியா வளர்க்கும் யாருக்கும் தெரிந்த விதி ஒன்று உண்டு. முதலில் கொம்பை நடு, பிறகு கிழங்கை வை. ஆபாவும் பத்துத் தடவை சொல்லியிருந்தார். எனக்கு எதையும் வரிசையாகச் செய்ய வராது. கிழங்கு வந்த அன்றே, அந்த மணியே, அதை மண்ணுக்குள் பார்த்துவிட வேண்டும் என்ற பறப்பில் கொம்பைத் தேடவே இல்லை. நட்டேன், தண்ணீர் விட்டேன், பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ எழுதினேன். கொம்பு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த அப்புறம் வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. ஒரு மூங்கில் கழியைச் சீவி, தண்டுக்கு ஒட்டினாற்போல் நிறுத்தி, சுத்தியலால் அடித்தேன். ஒன்று. இரண்டு. மூன்றாவது அடியில் கழி சட்டென்று வழுக்கிக்கொண்டு இறங்கியது. மண்ணில் கல் தட்டினால் கை அதிரும். இது அதிரவில்லை. பழுத்த பூசணிக்குள் கத்தி போவது மாதிரி மெத்தென்று போனது.

பிடுங்கிப் பார்த்தேன். கழியின் முனையில் மண்ணோடு வெள்ளையாக ஈரச் சதை.

அடுத்த கொல்லையில் சாமைக்குக் களை பறித்துக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டேன். என்னைவிடப் பதினைந்து வயது இளையவள், என்னைப் பார்த்தாலே சிரிப்பு வரும் அவளுக்கு. பிறந்தது முதல் இந்த மலையில் மண்ணைக் கிண்டிக்கொண்டிருப்பவளுக்குப் பூவுக்காக ஒருத்தி மண்ணைக் கிண்டுவது வேடிக்கைதானே.

“இன்னாக்கா, பாம்பா?”

“கிழங்கைக் குத்திட்டேன்.”

வந்தாள். கழி முனையை மோந்து பார்த்தாள். “பச்சையாத்தான் கீது. அழுவல.” உட்கார்ந்து, சுண்டுவிரலால் தண்டைச் சுற்றி மண்ணை வழித்தாள். காட்டில் வள்ளிக்கிழங்கு தோண்டும் கை அது. கொடியைப் பார்த்தே கிழங்கு எந்தப் பக்கம் ஓடியிருக்கும் என்று சொல்வாள். கடப்பாரையைத் தூரத்தில் போட்டுவிட்டுக் கடைசி ஒரு சாணை விரலால்தான் தோண்டுவாள். அதே மாதிரி கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு தடவினாள்.

“அஞ்சு, ஆறு, ஏழு... நெறைய வச்சிக்கீதுக்கா. ஒண்ணுல ஓட்டை போட்டுட்ட. நல்லா நடுவுல பாத்து போட்டுகீற.”

“செடி செத்துருமா?”

“நான் இன்னா அதுக்கு டாக்டரா?” என்றவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். “அடுப்பு சாம்பல் எட்த்தா. ஓட்டைக்குள்ள அடைப்போம். இன்னொரு வாட்டி கிட்ட கொம்ப வச்சிக்கினு வராத, சொல்ட்டேன்.”

சாம்பலை அந்தக் காயத்தில் திணித்து மண்ணை மூடினோம். இனி கிட்டே ஒரு குச்சிகூட நட முடியாது. கிழங்கு எங்கே முடிகிறது என்று அவள் கையால் தொட்டுக் காட்டிய எல்லை, தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி இருந்தது. அவ்வளவு தூரத்தில் கொம்பை நட்டு அதற்கும் இதற்கும் எப்படிக் கட்டுவது?

அப்போதுதான் எனக்குப் பியோனி நினைவுக்கு வந்தது. அந்தப் பூவின் மேல் எனக்குப் பழைய பித்து. அதற்கு உறைகிற குளிர் வேண்டும், இந்த மலையில் மார்கழியில் வாயில் புகை வருவதோடு குளிர் முடிந்துவிடும். அதனால் வளர்க்க வழியில்லாமல் போனில் மட்டும் பார்த்துத் தீர்த்துக்கொள்வேன். பனி நாட்டுக்காரர்கள் பியோனிக்குத் தனிக் கொம்பு நடுவதில்லை. செடி சின்னதாக இருக்கும்போதே மேலே ஒரு வளையத்தை நிறுத்திவிடுவார்கள். தண்டுகள் வளையத்துக்குள் வளர்ந்து ஒன்றன்மேல் ஒன்று தோள் சாய்ந்து நிற்கும். வளையத்தின் கால்களோ தள்ளி நிற்கும்!

“வளையம்! ஏம்மா, வட்டமா ஏதாவது இருக்கா? ரெண்டடி அகலத்துக்கு?”

“வூட்டு மேல சைக்கிள் ரிம்மு கீது. தார்ப்பாய் பறக்காம வச்சிருக்கோம். கல்லு தூக்கி வச்சிட்டு எட்த்துக்கினு வர்றேன்.”

கம்பியெல்லாம் கழன்ற வெறும் ரிம். சுற்றிலும் ஓட்டைகள், நூல் கோக்க அளவெடுத்துப் போட்ட மாதிரி! நான் குதித்தேன். ஐம்பத்திரண்டு வயதில் குதித்தால் முழங்கால் ஞாபகப்படுத்தும், படுத்தட்டும்.

வளர்ந்த செடிக்கு வளையம் மாட்டுவதுதான் கஷ்டம். என் பழைய பருத்திப் புடவையைக் கொண்டுவந்து, கிளைகளைக் கீழிருந்து மெல்ல மேலே அணைத்து, குளிப்பாட்டிய பிள்ளையைத் துண்டில் சுற்றுவது போலச் சுற்றினேன். விரிந்துகொண்டிருந்த பூ என் கன்னத்தில் ஈரமாக உரசியது. அவள் ரிம்மை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கி நின்றாள்.

“எறக்கவா?”

“மெதுவா. மெதுவா! அந்தப் பக்கம் மொட்டு, மொட்டு!”

“கத்தாதக்கா, நீ கத்துறதுலயே ஒட்ஞ்சிடும்.”

இறங்கியது. ஓர் இலை கிழிந்தது, அவ்வளவுதான். முழம் தள்ளி நாலு கழியை உள்பக்கம் சாய்த்து நட்டு ரிம்மை இடுப்பு உயரத்தில் கட்டினோம். ஓட்டைக்கு ஓட்டை சணல் கோத்துத் தண்டுகளுக்கு நடுவே குறுக்கும் நெடுக்குமாக ஓட்டினோம். புடவையை அவிழ்த்ததும் செடி உஸ்ஸென்று விரிந்து வளையத்தின் விளிம்பில் சாய்ந்துகொண்டது. பெரிய பூவின் தண்டை மட்டும் புடவைக் கிழிசலால் கட்டப்போனேன். அவள் என் முடிச்சைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“தூக்கு மாட்றியா அதுக்கு? தள்ளு. இது கன்னுக்குட்டிக்குப் போடற முடிச்சு. இஸ்த்தாலும் கழுத்து இறுகாது.”

சனிக்கிழமை சாயங்காலம் காற்றும் மழையும் சேர்ந்து வந்தன. ஜன்னலை விட்டு நான் நகரவில்லை. செடி மொத்தமாக ஒரு பக்கம் போனது, வளையம் பிடித்தது, மொத்தமாக மறுபக்கம் போனது, பிடித்தது. வளைவில் திரும்பும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும் சனம் மாதிரி ஏழு தலையும் ஒன்றாக ஆடின. ஒன்றும் விழவில்லை. நான் மழைக்குள் ஓடிப்போய்க் கை தட்டினேன் என்றால் நம்ப வேண்டும்.

ஞாயிறு பதினொரு மணிக்கு ஆபா காரிலிருந்து இறங்கினார். கையில் பாதி எலுமிச்சம்பழம், முகம் வெளிறிக் கிடந்தது. நேராகச் செடிக்குப் போனார். முழுதாக விரிந்திருந்த பூ, குனிந்த அவர் முகத்துக்கு நேரே நின்றது, முகத்தைவிடக் கொஞ்சம் சின்னது. பக்கத்தில் இன்னொன்று பாதி விரிந்து. ஆபா தொடவில்லை. சும்மா பார்த்தார். கண் நிறைந்துவிட்டது.

“அல்லா... இது என் மாடியில இவ்ளோ பெருசா பூத்ததே இல்லடீ.”

சொல்லாமல் விட்டுவிடலாம் என்று மூன்று நாளாக நினைத்திருந்தேன். அந்தக் கண்ணைப் பார்த்ததும் முடியவில்லை.

“ஆபா, கிழங்கைக் குத்திட்டேன். கொம்பு நடும்போது. நீங்க சொன்னீங்க, நான் கேக்கல.”

ஆபா திரும்பினார். கோபமா என்று எனக்குப் பிடிபடவில்லை. எத்தனை கிழங்கு, எத்தனை ஆழம், சாம்பல் வைத்தீர்களா என்று மூன்று கேள்வி. பதில்களை, வேலியோரம் வந்து நின்ற பக்கத்துக் கொல்லைக்காரிதான் சொன்னாள். கேட்டு முடித்ததும் ஆபா கையை நீட்டினார்.

“கத்திரிக்கோல் கொண்டா.”

“எதுக்கு?”

“எதுக்காம்! காயம் பட்ட உடம்பு ஏழு பிள்ளைக்குப் பால் குடுக்குமா? கிழங்கு மொதல்ல தேறணும்.”

கொடுத்தேன். பெரிய பூவின் தண்டில் கத்திரி வைத்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நறுக்கென்ற சத்தம் கேட்டது. பிறகு பாதி விரிந்தது. பிறகு மொட்டுகள், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஒரே ஒரு மொட்டை விட்டுவைத்தார், அடிக் கிளையில் இருந்த சின்னதை.

“அய்யய்ய!” என்றாள் வேலியோரத்தில் இருந்தவள். “ரிம்மு மாட்டி, பொடவ கட்டி, சாமி மாதிரி தூக்கி நிறுத்தினா, வந்தும் வராம மொட்டை போட்டுட்டாங்களே!”

ஆபா சிரித்துவிட்டார். வந்ததிலிருந்து முதல் சிரிப்பு. பாதி விரிந்த பூவை அவளிடம் நீட்டினார். அவள் உடனே கொண்டையில் செருகினாள். அது அவள் தலையில் பாதியை மறைத்தது. அப்படியே சாமைக் கொல்லைக்குப் போய்க் களை பறித்தாள். மதியம் வரை அந்தச் சிவப்பு அங்குமிங்கும் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தது. பெரிய பூவை ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆபா மலை இறங்கினார்.

சாயங்காலம் போன் வந்தது. “ரெண்டு தடவ வாந்தி. பூவுக்கு ஒண்ணும் ஆவல. பெரிய தட்டுல தண்ணி ஊத்தி மெதக்க விட்டுருக்கேன், வூடே சுத்தி உக்காந்துருக்கு,” என்றார். பிறகு குரல் மாறியது. “அடியில புதுசா ஏதாவது முளை வருதான்னு பாரு. வந்தா கிழங்கு தேறிடுச்சுன்னு அர்த்தம்.”

“இன்னைக்கேவா? கொஞ்ச நாள் ஆகும் ஆபா.”

“பாரேன்.”

போனைக் காதில் வைத்துக்கொண்டே தோட்டத்துக்குப் போய், வளையத்துக்குக் கீழே மண்டியிட்டு, தண்டின் அடியில் ஈரமண்ணை விரலால் ஒதுக்கினேன். காயம் பட்ட பக்கத்தில் ஒன்றும் இல்லை. மறுபக்கத்தில், அரிசி அளவு, இளஞ்சிவப்பாக ஒன்று.

“ஆபா,” என்றேன்.

“கத்துடீ,” என்றார்.

கத்தினேன்.