கதவருகே கேட்ட ‘அண்ணே’

என் தங்கை சாலிஹாவை வாழை இலையில் ஏமாற்ற முடியாது. ஈப்போவில் எங்கள் சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில், காலை ஏழு மணிக்கு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள் என்றால், கட்டைப் பிரித்து ஒவ்வொரு இலையாகத் தடவிப் பார்ப்பாள். கிழிந்தது ஒரு பக்கம், பழுத்தது ஒரு பக்கம். கடை முதலாளி நான்தான், ஜைனுலாப்தீன் என்று போர்டில் பெரிதாக எழுதியிருக்கிறது. ஆனால் இலை விஷயத்தில் எனக்கு வாய் கிடையாது.

போன வருஷம் ஒரு நாள், மத்தியானக் கூட்டம் ஓய்ந்த நேரம். கையைத் துடைத்துக்கொண்டே வந்து என் முன்னால் நின்றாள். அப்போது அவளுக்கு ஐம்பது வயது. கணவர் இறந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகள் முஹ்ஸினா கல்யாணமாகிப் பினாங்குக்குப் போய்விட்டாள்.

"அண்ணே, நான் நிக்காஹ் பண்ணிக்கலாம்னு இருக்கேன்."

குடித்துக்கொண்டிருந்த தே ஓ, பால் விடாத தேநீர், எனக்கு மூக்கில் ஏறிவிட்டது.

"யாரை?"

"இலை கொண்டு வாராரே, காசிம் பாவா. அவரை."

காசிம் பாவா பாகான் செராயிலிருந்து வாரம் இரண்டு முறை வேனில் இலைக்கட்டு இறக்குபவர். மனைவியை இழந்தவர். ஐம்பத்தெட்டு வயது, முன்பல் இரண்டு கிடையாது, பேச்சும் அநேகமாகக் கிடையாது. எனக்குக் கோபம் வந்தது, அதை மறைக்கப் போவதில்லை.

"குஃபுன்னு ஒண்ணு இருக்கு, தெரியும்ல? பொண்ணுக்கு ஏத்த ஆளான்னு பார்க்க வேணாமா? நம்ம எங்க, அந்த இலைக்காரர் எங்க?"

"பார்த்தாச்சு அண்ணே. பொருத்தம் எனக்குத்தான பார்க்கணும், உங்க கடை போர்டுக்கு இல்லையே."

எங்கள் மார்க்கத்தில் பெண்ணுக்கு நிக்காஹ் செய்து கொடுக்க வலீ ஒருவர் நிற்க வேண்டும். தகப்பன் இல்லாவிட்டால் அண்ணன். அந்தத் தெம்பில்தான் நான் அன்றைக்கு அவ்வளவு குதித்தேன். "நான் வந்து நிக்க மாட்டேன், போ" என்று சொல்லிவிட்டேன்.

அவள் போகவில்லை. அங்கேயே நின்றாள். அந்த நிற்பைப் பார்த்ததும் எனக்குச் சுங்காய் தோட்டத்துக் கடை ஞாபகம் வந்துவிட்டது.

சுங்காய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் எங்கள் அத்தா மளிகைக்கடை வைத்திருந்தார். அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய், தீபாவளி நேரத்தில் சேலை, எல்லாம் ஒரே கூரையின் கீழ். கருவாட்டு வாசமும் புதுத் துணி வாசமும் கலந்து அடிக்கும். இன்றைக்கு அந்த வாசம் எங்காவது கிடைத்தால் வேலையை விட்டுவிட்டு ஓடிப்போய் நிற்பேன். ஆனால் ரப்பரை வெட்டிவிட்டுத் தோட்டம் முழுக்க எண்ணெய்க்கான செம்பனை நட்டுவிட்டார்கள். கடை இருந்த இடத்தைக் கண்டுபிடிக்கவே ஒரு முறை அரை நாள் சுற்றியிருக்கிறேன்.

ரப்பர் மரத்தில் பால்வெட்டு முடிந்து கையைக் கழுவிய கையோடு, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பெண்கள் சேலை எடுக்க வருவார்கள். என்னையும் அத்தாவையும் ஏறிட்டும் பார்க்க மாட்டார்கள். எல்லாருக்கும் சாலிஹாதான் வேண்டும். அரிசி மூட்டை மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வருகிறவளின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒன்றை உருவிக் கொடுப்பாள். "பாப்பா, நீயே எடுத்துக் குடும்மா. நீ எடுத்தா வருசம் பூரா எனக்கு மனசு நெறஞ்சிருக்கும்" என்பாள் லயத்துக் கருப்பம்மாள். ஊருக்கே எது பொருந்தும் என்று தெரிந்த பெண் அவள். பதினைந்து வயதில் அந்தக் கடையில் அவள் ஒரு ராணி மாதிரி இருந்தாள், அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அத்தா இறந்த இரண்டாவது வருஷம், அவளுக்குப் பத்தொன்பது வயதானபோது, எங்கள் பெரியம்மா கோலா கங்சாரில் ஒரு மாப்பிள்ளை பார்த்தார். சொந்தத் துணிக்கடை, நல்ல குடும்பம். அதே மாதம் ஈப்போவில் தாதிப் பயிற்சிக்கு இடம் கிடைத்ததாகச் சாலிஹாவுக்குக் கடிதமும் வந்திருந்தது. "அண்ணே, மூணு வருசம் படிச்சிட்டு வந்துடுறேனே" என்றாள். "பெரியம்மாகிட்ட பேசுறேன்" என்றேன். பேசவில்லை. நிக்காஹுக்கான சமய இலாகா விண்ணப்பப் பாரத்தில், பெரியம்மா விரலை வைத்துக் காட்டிய இடத்தில் சாலிஹா கையெழுத்துப் போட்டாள்.

நிக்காஹ் அன்று வலீயும் இரண்டு சாட்சிகளும் பெண் இருக்கும் அறைக்குப் போய்ச் சம்மதமா என்று கேட்டு வர வேண்டும். இது எங்கள் வழக்கம். குமரிப் பெண்ணாக இருந்தால் மௌனமே சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். வெட்கப்படுவாள் என்பதற்காக விட்ட சலுகை அது. நாங்கள் உள்ளே நுழைகிற நேரம் பார்த்துப் பெரியம்மா, "வாய் இனிக்கட்டும்" என்று நெல்லிக்காய் அளவு கற்கண்டு ஒன்றை எடுத்து அவள் வாயில் திணித்தார்.

மூன்று முறை கேட்டேன். சாலிஹாவின் கன்னம் புடைத்திருந்தது. கண் என்னையே பார்த்தது.

"புள்ளைக்கு வெக்கம். சம்மதம்தான், போங்க போங்க" என்றார் பெரியம்மா.

நாங்கள் திரும்பினோம். கதவைத் தாண்டும்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அண்ணே."

சத்தமாக இல்லை. ஆனால் எனக்குக் கேட்டது. வெளியே நானூறு பேர், பிரியாணி தம் உடைத்தாகிவிட்டது, மாப்பிள்ளை மாலையோடு உட்கார்ந்திருந்தார். நான் திரும்பவில்லை. போய், "சம்மதம்" என்று சொன்னேன்.

மச்சான் கெட்டவர் இல்லை. கை நீட்டியதில்லை, சாப்பாட்டுக்கும் உடுப்புக்கும் குறை வைத்ததில்லை. ஆனால் இருபத்தொரு வருஷத்தில் ஒரு நாளாவது, "உனக்கு என்ன வேணும்?" என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. அவளுடைய சேலையைக்கூட அவரேதான் கடையிலிருந்து எடுத்து வருவார். ஒரு பெருநாளைக்கு அவளுக்குக் கொஞ்சமும் பொருந்தாத ஒரு பழுப்பு நிறச் சேலையில் அவளைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினேன். அன்றைக்கு என்னால் சாப்பிட முடியவில்லை.

இந்த ஞாபகமெல்லாம் வந்து கொஞ்சம் இறங்கிவிட்டேன். "சரி, உக்காரு. ஊருல இத்தனை பேரு இருக்க, அவர் ஏன்?" என்று கேட்டேன்.

"அவரு ஒண்ணு கேட்டா, பதில் வர்ற வரைக்கும் நிக்கிறாரு அண்ணே."

"அதெல்லாம் ஒரு காரணமா?"

"நோன்புக்கு முந்தி ஒரு நாள், ‘என்னைக் கட்டிக்க இஷ்டமா’ன்னு கேட்டாரு. நான் ஒண்ணும் சொல்லல. சும்மா இருந்தா சரின்னு அவரு நெனச்சுக்கல. அப்புறம் நாலு மாசம் இலை மட்டும்தான் கொண்டாந்தாரு. ஒரு வார்த்தை தொந்தரவு இல்ல. நேத்து நானாத்தான் சரின்னு சொன்னேன்."

நான் தே ஓ டம்ளரைத் தள்ளிவைத்தேன். அவளே தொடர்ந்தாள்.

"நீங்க மாட்டேன்னா ஷரியா கோர்ட்டுக்குப் போவலாம். வேற வலீ ஏற்பாடு பண்ணிக் குடுப்பாங்களாம், விசாரிச்சிட்டேன். ஆனா எனக்கு நீங்கதான் வந்து கேக்கணும். அன்னைக்குக் கற்கண்டைத் துப்பிட்டு உங்களைக் கூப்பிட்டேன். வேணாம்னு சொல்லத்தான் கூப்பிட்டேன். பந்தல்ல அவ்ளோ சத்தம், உங்களுக்குக் கேக்கல. பரவால்ல. இந்தத் தடவை சரியாச் சொல்லணும்."

முப்பத்தொரு வருஷமாக எனக்காக அவளே ஒரு சாக்கு வைத்திருக்கிறாள். அதை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். என் வாய் கேட்கவில்லை.

"கேட்டுச்சு சாலிஹா."

"என்ன?"

"நீ கூப்பிட்டது. கேட்டுச்சு. நான்தான் திரும்பல."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

மூன்று நாள் என்னோடு பேச்சு இல்லை. கடையில் எல்லாருக்கும் நல்ல இலை, எனக்கு மட்டும் நடுவில் கிழிந்த இலை. ரசம் மேசையில் ஓடி மடியில் இறங்கியது. துடைத்துக்கொண்டு சாப்பிட்டேன், எனக்கு அது தகும். நான்காம் நாள் முழு இலை வந்தது. கையைக் கழுவிய உடனே சமய இலாகாவுக்குப் போய்ப் பாரம் வாங்கி வந்தேன். எங்கே கையெழுத்து என்று நான் விரல் வைத்துக் காட்டவில்லை. அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தாள். என் தே ஓ இரண்டு தடவை ஆறிப்போனது.

நிக்காஹ் எங்கள் வீட்டிலேயே நடந்தது. முப்பது பேர் இருப்போம். காசிம் பாவா புதுச் சட்டையில் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நானும் இரண்டு சாட்சிகளும் அறைக்குப் போனோம். கைம்பெண்ணிடம் மௌனம் செல்லாது, வாயைத் திறந்து சொல்ல வேண்டும். முஹ்ஸினா கற்கண்டுத் தட்டை நீட்டினாள். "அப்புறம்" என்று தட்டைத் தள்ளிவைத்தாள் சாலிஹா. அவளே கடைக்குப் போய் எடுத்த இளம்பச்சைச் சேலை கட்டியிருந்தாள். அப்படிப் பொருந்தியிருந்தது அவளுக்கு.

ஒரு முறைதான் கேட்டேன்.

"சம்மதம்" என்றாள். சமையல்கட்டு வரைக்கும் கேட்டிருக்கும்.

நாங்கள் திரும்பி நடந்தோம். கதவருகே வந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"அண்ணே."

திரும்பினேன். சாட்சிகள் இருவரும் நின்றுவிட்டார்கள். முஹ்ஸினா முகம் வெளுத்துப்போய் உம்மாவைப் பார்த்தாள்.

சாலிஹா தட்டிலிருந்து கற்கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்ல. திரும்புறீங்களான்னு பார்த்தேன்" என்று சிரித்தாள். "போங்க லா, அவரு காத்துக்கிட்டு இருப்பாரு."