ஆறே முக்கால் அருவி

எங்கள் எஃப்.எம். நிலையம் தென்காசியில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது. ஆறு வருடம் காலை நிகழ்ச்சி என்னுடையது. சினிமாப் பாட்டு எல்லா ஊரிலும்தான் போடுகிறார்கள். எங்களிடம் மட்டும் ஆறே முக்கால் மணிக்கு அருவி இருந்தது. அதைச் சொல்லும்போது இப்போதும் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வரும். வரட்டும்.

குற்றாலத்தில் மெயினருவிக்குப் போகிற வழியில் டீக்கடை வைத்திருக்கிற அண்ணாச்சி ஒருவர், சீசன் தொடங்கிவிட்டால் தினமும் அந்த நேரத்துக்கு எனக்குப் போன் செய்வார். "ஆன்ல இருக்கா?" என்று ஒரே கேள்வி. "இருக்கு அண்ணாச்சி" என்றதும் அருவிப் பக்கம் போய்ப் போனை உயர்த்திப் பிடிப்பார். ஒரு நிமிடம் அந்தச் சத்தம் அப்படியே ரேடியோவில் போகும். தண்ணீர் நிறைய, சுமார் என்றெல்லாம் அவரும் சொல்ல மாட்டார், என்னையும் சொல்ல விடமாட்டார். "கேக்குதவங்களுக்குத் தெரியும்லா" என்பார். உண்மைதான். சுரண்டையிலும் ஆலங்குளத்திலும் அந்தச் சத்தத்தை வைத்தே அளவு கண்டு, வீட்டிலேயே தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு பஸ் ஏறுகிறவர்கள் இருந்தார்கள்.

ஒரு ஆடி மாதக் காலை அவர் போன் வரவில்லை. நான் கூப்பிட்டும் எடுக்கவில்லை. தென்காசியில் ஒரு தூறல்கூட இல்லை; மலையில் விடிய விடியக் கொட்டியது எனக்கு எப்படித் தெரியும்? முந்தின நாள் சத்தம் பதிவில் இருந்தது. ஒரு நாளில் அருவி என்ன ஊசிப்போய்விடுமா என்று அதையே போட்டுவிட்டேன்.

ஒன்பது மணிக்கு மாடிப்படியில் ஒரே கூச்சல். சுரண்டையிலிருந்து வந்த எட்டுப் பெண்கள், நெற்றியில் எண்ணெய் வழிய நின்றார்கள். அருவியில் வெள்ளம், போலீஸ் குளிக்க விடவில்லை. திரும்புகிற வழியில் நேரே என்னிடம் வந்திருந்தார்கள்.

"ஏட்டி, நீ போட்ட சத்தத்த நம்பித்தான வந்தோம்? இந்த எண்ணெயோட எப்படி பஸ்ஸுல போவ?" என்றார் முன்னால் நின்ற அக்கா.

அவர்களை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய்த் தொட்டிக் குழாயைத் திறந்துவிட்டேன். சீயக்காய் அவர்களே கொண்டுவந்திருந்தார்கள். சேலையோடு குளித்து, சிரித்துக்கொண்டே போனார்கள். அன்று முழுக்கத் தண்ணீர் இல்லாமல் பாத்திரக் கடைக்காரர்தான் என்னைத் திட்டித் தீர்த்தார்.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. வெள்ளத்தில் கடையைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள், போன் நனைந்துவிட்டது. மறுநாள் வேறு போனில் பேசினார். "நான் புடிக்குத சத்தத்த நம்பித்தான் வருதாங்க. நீ பழசப் போட்டா பொய் சொன்னது நானுல்லா?" நான் அழுதுவிட்டேன். உங்களை வைத்து இனி ஒரு பொய்யும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. நிகழ்ச்சியெல்லாம் இனிப் பெரிய ஊரிலிருந்து வரும், இங்கே ஆள் வேண்டாம். இப்போது ஒரு ஜவுளிக்கடையில் மைக் பிடிக்கிறேன். நைட்டி மூன்றாவது மாடியில் என்று சொல்கிற குரலை யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. காலையில் அதே அலைவரிசையில் ஒரு பெண் சிரித்துச் சிரித்துப் பேசுகிறாள். பாவம், அவள் என்ன செய்வாள், ஆனாலும் பற்றிக்கொண்டு வருகிறது. எனக்கு அந்த நாற்காலி வேண்டும். தலையில் எண்ணெயோடு யாராவது வந்து என்னைத் திட்ட வேண்டும்.

அண்ணாச்சியிடம் மட்டும் சொல்லவில்லை. வேலை போன பிறகு வந்த முதல் சீசனில் போன் அடித்தபோது அடுப்பில் பால் இருந்தது. "ஆன்ல இருக்கா?" என்றார். "இருக்கு அண்ணாச்சி" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. சத்தியம் செய்த அதே வாய்தான். உண்மையைச் சொன்னால் போன் நின்றுவிடுமே என்று பயம். அவர் கடையில் ரேடியோ கிடையாது. ஆனாலும் டீ குடிக்க வருகிறவன் எவனாவது போட்டு உடைத்துவிடுவானோ என்று சீசன் முழுக்கப் பதைபதைப்புதான்.

இந்த வருடம் சாரல் தொடங்கிய அன்றும் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். சமையலறை முழுக்க அருவி. ஒரு நிமிடம் முடிந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணாச்சி, நான் இப்ப ஸ்டேஷன்ல இல்ல. ரெண்டு வருசமாச்சு. உங்ககிட்ட பொய் சொல்லிட்டு வாரேன்."

"தெரியும்மா. போன வருசமே சொல்லிட்டாங்க."

"பொறவு எதுக்குக் கூப்பிடுதீய?"

"கேக்குததுக்கு ஒரு ஆளு இருக்குல்லா."

போனை வைத்துவிட்டு அடுப்பை அணைத்தேன். ஜவுளிக்கடைக்கு லீவு சொன்னேன். வீட்டிலேயே தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு குற்றாலம் பஸ் ஏறினேன்.