நிறம் தெரியாத காசித்தும்பை

களக்காட்டு வாழைத் தோட்டங்களில் கூலி வேலை பார்த்துத்தான் பேச்சித்தாய் மகள் முத்துராணியைப் படிக்க வைத்தாள். மகள் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் ஆசிரியை ஆனாள். வகுப்புக்குள் அடைந்து கிடப்பாள் என்று பார்த்தால், மழைக்காலம் வந்ததும் மலையேறக் கிளம்பிவிடுவாள். கரடியும் யானையும் திரிகிற காட்டில் பிள்ளைக்கு என்ன வேலை என்று தாய்க்குப் பெரிய விசாரம்.

வேலை ஒரு காட்டுக் காசித்தும்பையால் வந்தது. நூறு வருஷத்துக்கு முன்னால் செடி சேகரிக்க வந்த ஒரு வெள்ளைக்காரர் அதை இந்த மலையில் பறித்து, தாளில் ஒட்டிவைத்துப் போனார். அதன்பின் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. காய்ந்த பூ பழுப்பாகிவிட்டதால், உயிரோடு அது என்ன நிறம் என்பதுகூட யாருக்கும் தெரியாது.

போன வருஷம் ஈரப்பாறை ஒன்றில், அந்தத் தாளில் இருந்த அதே சாயலில் இலைகளை முத்துராணி கண்டாள். பூ இல்லை. பூக்கும் பருவத்தில் வரலாம் என்று ஒரு செடியையும் தொடாமல் இறங்கினாள். மார்கழியில் பெய்த பேய்மழையில் அந்தச் சரிவு இடிந்துவிட்டதாகச் செய்தி வந்தபோது அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆவணியில் வனத்துறை அனுமதியோடு, வேட்டைத் தடுப்புக் காவலர் பலவேசத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஏறினாள். பாறை இருந்த இடத்தில் செம்மண் மட்டும் கிடந்தது. முத்துராணி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"மேகம் கூடுது டீச்சர். பைய எறங்குவோம்," என்றார் பலவேசம்.

வந்த பாதையில் அதற்குள் ஒரு மரம் விழுந்து கிடந்ததால் ஓடை வழியாக இறங்கினார்கள். வழுக்கிய காலை ஊன்றிப் பக்கத்துப் பாறையைப் பிடித்தவள், அப்படியே நின்றாள். சரிந்த மண் தங்கிய இடுக்கெல்லாம் அதே இலை. நடுவில் பூக்கள், வெள்ளை வெளேரென்று, தொண்டையில் மட்டும் ரத்தச் சிவப்பு. லென்ஸை வைத்துப் பார்த்தாள். பூவின் பின்னால், தாளில் ஒட்டியிருந்த பூவுக்கு இருந்த அதே வளைந்த வால். சந்தேகமே இல்லை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பலவேசம் சற்றுத் தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

படமெடுத்துக்கொண்டு, பூவோடு ஒரேயொரு கிளையை மட்டும் நறுக்கிச் செய்தித்தாளுக்குள் வைத்தாள்.

அடிவாரத்தில் சிக்னல் கிடைத்ததும் அம்மாவைக் கூப்பிட்டாள். "கெடச்சிட்டும்மா."

"நல்லதாப் போச்சு," என்று பெருமூச்சு விட்டாள் பேச்சித்தாய். "அப்பம் இனி காட்டுக்குப் போவாண்டாம்லா?"

முத்துராணி சிரித்துவிட்டாள். "அடுத்த வருசமும் போணும்மா. அது சொகமா இருக்கான்னு பாக்கணும்லா."