கரி இருமல்

எங்கள் ஊரில் இருமுகிறவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சுரங்கத்தில் வேலை பார்க்கிறவர் இருமினால் கரி இருமல். அவர் மனைவி இருமினால், அவர் சட்டையை உதறித் துவைத்ததில் வந்த கரி இருமல். சுரங்கப் பக்கமே போகாத மளிகைக்கடைக்காரர் இருமினாலும் காற்றில் வந்த கரி என்பார்கள். கொடியில் வெள்ளை வேட்டியைக் காயப்போட்டு மத்தியானம் எடுக்கப் போனால், விரல் பட்ட இடத்தில் சாம்பல் கோடு விழும். அப்படிப்பட்ட ஊரில் என் வீட்டுக்காரர் காலையில் எழுந்ததும் கொல்லைப்பக்கம் போய், முழங்காலில் கையூன்றிக் குனிந்து நின்று இருமினால், அதற்கு வேறு காரணம் இருக்கும் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

கவலைப்பட எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. நான் எட்டாவதோடு நின்றவள். ஒன்பதாவதுக்குக் கம்மாபுரத்துக்கு பஸ் ஏறிப் போக வேண்டும். வளைவில் பஸ் சாய்வதைப் பார்த்தாலே கண்ணை மூடிக்கொள்வேன். ஒருநாள் பஸ் வந்தது, நின்றது, போனது. நான் ஏறவில்லை. மறுநாளும் ஏறவில்லை. களை எடுக்க ஒரு கை கூடியது என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்த பிறகு அந்தப் பயமெல்லாம் சேர்ந்து இவருடைய நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அவர் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆள். ஓடுகிற பெல்ட்டிலிருந்து கீழே சிந்தும் கரியை மண்வெட்டியால் வாரி மறுபடி பெல்ட்டில் போடுகிற வேலை. ஷிப்ட் முடிந்து வரும்போது கண்ணும் பல்லும் மட்டும்தான் வெள்ளையாக இருக்கும். மூக்கைச் சிந்தினால் கறுப்பு. துப்பினால் கறுப்பு.

"எதுக்கு அவ்ளோ பெரிய மெஷினு வச்சித் தோண்டறாங்கன்னு தெரியல. எம் மூக்குலயே ஒரு சட்டி கரி எடுக்கலாம்" என்று சிரிப்பார்.

இந்தக் கரி வெயில் ஏறினால் தானாகவே புகைய ஆரம்பித்துவிடும். அதனால் கேட்டில் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். சிகரெட், தீப்பெட்டி, லைட்டர் எதுவும் போகாது. வேலைக்குப் போகிறவர்கள் கேட்டுக்கு வெளியே இருக்கும் டீக்கடையில் அவற்றைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பிஸ்கட் பாட்டில்களுக்குப் பின்னால் ஒரு பலகையில் எல்லாம் வரிசையாக இருக்கும். ஷிப்ட் விட்டதும், முகம்கூடக் கழுவாமல், எல்லாரும் நேராக அந்தப் பலகைக்குத்தான் வருவார்கள்.

அவருக்கு ஒரு கூட்டாளி இருந்தார். முத்தாண்டிக்குப்பத்துக்காரர், அதே பெல்ட்டில் வேலை. அவர் பைக்கில்தான் இவர் போவார், வருவார். நான் அவரை அண்ணா என்பேன். டீக்கடை வாசலில் ஒரே குச்சியில் இரண்டு பேரும் பற்றவைப்பார்கள். அந்தக் கரி முகத்தோடு, ரோட்டைப் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். "அப்படி இன்னாதான் பேசுவீங்க?" என்று ஒருமுறை இவரிடம் கேட்டேன். "பேசறதா? ஒன்னும் பேச மாட்டம். ஊதுவம்" என்றார்.

சிகரெட்டை நான் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. என் அப்பா பீடி குடித்தார், மாமனார் சுருட்டு குடித்தார். வெற்றிலை போடுவது மாதிரி அதுவும் ஒரு பழக்கம். எனக்குப் பயமெல்லாம் கரியிடம்தான். படுத்தால் அவர் நெஞ்சிலிருந்து விசில் சத்தம் வரும். அதைக் கேட்டுக்கொண்டே கிடப்பேன். ஒருநாள் அந்த அண்ணன் வந்திருந்தபோது கேட்டுவிட்டேன்.

"இவர எப்படியாவது மேல கொண்ணாந்துடுங்கண்ணா. கரி உள்ள போயி அடச்சிகினு இருக்குது. படுத்தா நெஞ்சு விசிலடிக்குது."

"நல்லதுதானம்மா. வூட்டுக்குத் திருடன் வரமாட்டான்."

"வெளையாடாதீங்கண்ணா."

"எம் மச்சினன் டவுன்ஷிப்புல தோட்டக் கான்ட்ராக்டுல மேஸ்திரியா இருக்கறான். கேட்டுப் பாக்கறன்" என்றார். பிறகு இவரைப் பார்த்து, "இன்னாடா, செடிக்குத் தண்ணி ஊத்தப் போறியா?" என்று கேட்டார்.

"நீ வந்தா நானும் வர்றன்."

"எனக்கு வூட்ல பயப்படறதுக்கு ஆளு இல்லியே மச்சான். நான் அங்கியே கெடக்கறன்."

வேலை கிடைத்தது. டவுன்ஷிப் ரோடு ஓரம் இலை கூட்டுவது, வேலிச்செடி வெட்டுவது, பூங்காவில் தண்ணீர் விடுவது. நான் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினேன். முதல் மாதத்திலேயே சட்டை வெளுத்துவிட்டது. துப்பினால் வெள்ளையாக வந்தது. இனி உள்ளே இருப்பதும் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துவிடும் என்று நினைத்தேன்.

இருமல் குறையவில்லை. ஐப்பசி மழை பிடித்தபோது, தெருமுனையிலிருந்து வீட்டுக்கு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவதற்குள் நின்று நின்று வந்தார். பழைய கரி இன்னும் வெளியே வரவில்லை, வர நாளாகும் என்று தெருவில் சொன்னார்கள். வெல்லம் சாப்பிட்டால் கரி இறங்கும் என்றார்கள். வெல்லம் வாங்கிக் கொடுத்தேன்.

ஒருநாள் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போனார். நானே எடுத்துக்கொண்டு போனேன். பூங்கா ஓரத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். கூட வேலை செய்கிற பெண்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். அவர் காலடியைச் சுற்றி சிகரெட் துண்டுகள். மழையில் ஊறி உப்பியவை, காய்ந்தவை, இன்னும் அணையாத ஒன்று.

"இதெல்லாம் யாருது?" என்று கேட்டேன்.

அவர் தூக்குவாளியை வாங்கித் திறந்தார். ஒரு அம்மா, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எல்லாம் உங்க வூட்டுக்காரு வெதச்சதுதாங்க. நாங்களும் தெனம் தண்ணி ஊத்திகினுதான் இருக்கறோம். இன்னும் மொளைக்கல."

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நேரமானது.

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் எனக்குப் புரிந்தது. சுரங்கத்துக்குள் எட்டு மணி நேரம் அவரிடம் தீக்குச்சி இல்லை. ஒரு நாளில் அவர் புகைக்காமல் இருந்த நேரம், தூக்கத்தை விட்டால், அது ஒன்றுதான். இங்கே கேட் இல்லை, தடவிப் பார்க்க ஆள் இல்லை, டவுன்ஷிப்பின் ஒவ்வொரு வட்டத்திலும் கடை இருக்கிறது. அங்கே தூசி இருந்தது, புகை இல்லை. இங்கே தூசி இல்லை. அண்ணன், நான், மாரியம்மன் எல்லாரும் சேர்ந்து அவரை வெளியே கொண்டுவந்துவிட்டோம். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. தூக்குவாளியைத் திரும்ப எடுத்து வர மறந்துவிட்டேன் என்பதுதான் ஞாபகம் வந்தது.

எங்கள் மகள் அப்போது பத்தாவது. அவள் யூனிபார்மை வராந்தாக் கொடியில்தான் காயப்போடுவேன். அவர் அங்கேதான் உட்கார்ந்து புகைப்பார். ஒருநாள் அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையை வீசினாள்.

"டீச்சர் எல்லார் முன்னாடியும் கேக்கறாங்கம்மா, உங்க வூட்ல யாரு சிகரெட் குடிக்கறதுன்னு. ட்ரெஸ்ஸெல்லாம் நாறுதாம்."

"நீ இன்னா சொன்ன?"

"எங்க அண்ணன்னு சொல்லிட்டன்."

"ஒனக்கு ஏதுடி அண்ணன்?"

"அதாம்மா. அப்பான்னு எப்படிச் சொல்றது?"

அவர் உள்ளே படுத்திருந்தார். கேட்டிருப்பார். மறுநாளிலிருந்து வராந்தாவை விட்டுத் தெருவில் இறங்கி நின்று புகைத்தார். ஆனால் மகள் அதற்குள் யூனிபார்மைப் பக்கத்து வீட்டு மாடியில் காயப்போட ஆரம்பித்திருந்தாள். சாப்பிடும்போதும் அவர் பக்கத்தில் உட்காராமல் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்துவிடுவாள். சண்டை எதுவும் இல்லை. அவர் ஒன்றிரண்டு முறை திரும்பிப் பார்த்தார். அப்புறம் பார்ப்பதை விட்டுவிட்டார்.

டாக்டரிடம் போனோம். ஒரு குழாயை வாயில் வைத்து ஊதச் சொன்னார்கள். மூன்றாவது முறை ஊதும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எத்தனை வருஷமா சிகரெட்?" என்று டாக்டர் கேட்டார்.

"கரி வேலைங்க சார்."

"நான் கேட்டது சிகரெட்."

"அது சும்மா, டீ குடிக்கறப்பங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மரத்தடியைச் சொல்லலாமா என்று யோசித்தேன். அதற்குள் டாக்டரே பேசினார். "கரியும் கொஞ்சம் பண்ணியிருக்கும். ஆனா இது சிகரெட் பண்ண வேலை. போன மூச்சு இனிமே திரும்பி வராதுங்க. இன்னைக்கே விட்டீங்கன்னா மீதி இருக்கறது நிக்கும். விடலைன்னா அதுவும் போயிடும்."

வெளியே வந்ததும் இவர் சொன்னது, "கரியும்னு சொன்னாரு பாத்தியா?"

விட்டும் பார்த்தார். வாயில் கிராம்பை அடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். கூப்பிட்டால் கேட்காது. தட்டில் சோறு ஆறிக் கிடக்கும். பொங்கல்வரைக்கும் தாங்கும் என்று நான் நினைத்தேன். கார்த்திகை தீபத்தன்று தெருவில் பையன்கள் மத்தாப்பு கொளுத்தினார்கள். அந்தத் தீக்குச்சி வாசனைக்கே எழுந்து போய்விட்டார். திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. சட்டையில் புகை வாசனை வந்தது.

அதே சமயத்தில் முத்தாண்டிக்குப்பத்து அண்ணனுக்கு வேலையிலேயே நெஞ்சு வலி வந்தது. பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோய் ரத்தக்குழாயில் கம்பிச்சுருள் வைத்தார்கள். அவர் அன்றோடு சிகரெட்டை நிறுத்தினவர்தான். பிழைத்து வந்து எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்தார். இவர் பழக்கத்தில் ஒன்றைப் பற்றவைத்தார்.

"டேய், நீ பத்தவச்சா எனக்குக் கை நடுங்குதுடா."

"அப்ப தள்ளிக் குந்து."

"தள்ளிக் குந்தறதுக்கா அவ்ளோ தூரத்துலருந்து வர்றன்?"

"யாரு உன்ன வரச்சொன்னா?"

அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அதன் பிறகு வெகுகாலம் வரவில்லை. சாயங்காலத்தில் தெருவில் பைக் சத்தம் கேட்டால் இவர் கழுத்து மட்டும் திரும்பும். போன் பண்ணிப் பேசுங்களேன் என்று சொல்லிப் பார்த்தேன். "இன்னான்னு பேசறது?" என்றார். அது உண்மைதான். அவர்கள் பேசிப் பழகியவர்கள் இல்லை.

நானும் மாறிவிட்டேன். முன்பெல்லாம் அந்த விசில் சத்தம் நின்றால் எழுந்து மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பேன். இப்போது சத்தம் வந்தாலும் திரும்பிப் படுத்துக்கொள்கிறேன். பயம் வர வேண்டிய இடத்தில் கையை வைத்துப் பார்த்தால் ஒன்றும் தட்டுப்படவில்லை. அடுத்த வீட்டுக்காரி, "தைரியமாயிட்டக்கா நீ" என்கிறாள். நான் மறுத்துச் சொல்வதில்லை.

போன வருஷத்தோடு அவர் வேலைக்குப் போவது நின்றது. துடைப்பத்தைத் தூக்கி நாலு வீச்சு வீசினால் உட்கார வேண்டியிருந்தது. மகள் கடலூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். போனில் என்னிடம் பேசிவிட்டு, "அப்பா இருமறது கேக்குது. சொல்லிடும்மா" என்று வைத்துவிடுவாள். என்ன சொல்ல வேண்டும் என்று சொல்வதில்லை.

அவர் வீட்டோடு இருக்கிறார் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். போன மாதம் ஒருநாள் காலையில் அண்ணன் வந்து நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. இவரைப் பார்த்துவிட்டு உடனே வேறு பக்கம் பார்த்தார்.

"இன்னாடா இப்படி ஆயிட்ட? வா, டாக்டராண்ட போயிட்டு வரலாம்."

"ம்" என்றார் இவர். உடனே சட்டை போட்டுக்கொண்டார். அவ்வளவு சீக்கிரம் சட்டை போட்டு நான் பார்த்து நாளாகியிருந்தது.

மறுபடி அந்தக் குழாய். போன தடவை ஊதியதில் பாதிகூட இல்லை என்று அண்ணன்தான் வந்து சொன்னார். டாக்டர் இந்த முறை திட்டவில்லையாம். உறிஞ்சுகிற மருந்தை மாற்றி எழுதிவிட்டு, வீட்டில் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டாராம்.

அண்ணன் இதை என்னிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இவர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து ஒன்றைப் பற்றவைத்தார். வாசனை வந்ததும் அண்ணன் பேச்சை நிறுத்தினார். இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டார். கிளம்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். வெளியே இறங்கி, பைக்கைத் தாண்டி, ரோட்டைக் கடந்து, எதிர்வீட்டுச் சுவர் ஓரமாகப் போய் நின்றார். அங்கிருந்து சத்தமாகப் பேச ஆரம்பித்தார்.

"நம்ம பெல்ட்டுல இப்ப எல்லாம் புதுப் பசங்கடா! ஒருத்தனுக்கும் மம்பட்டி பிடிக்கத் தெரியல!"

நடுவில் ஒரு மினிபஸ் போனது. அது போகும்வரை காத்திருந்து மறுபடி சொன்னார். டீக்கடையை இடித்துவிட்டு ரோடு போடுகிறார்களாம். மேஸ்திரி மச்சினனுக்குப் பேரன் பிறந்திருக்கிறானாம். அத்தனை வருஷம் பேசாததையெல்லாம் ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து கத்திக் கத்திச் சொன்னார். தெருவில் போகிறவர்கள் யாருடன் சண்டை என்று பார்த்துக்கொண்டு போனார்கள்.

இவருக்குப் பதில் சொல்ல ஆசை. வாயைத் திறந்தார். அவ்வளவு தூரத்துக்குச் சத்தம் போக வேண்டுமென்றால் மூச்சு வேண்டும். ஒருமுறை "ஆமாண்டா" என்று முயற்சி செய்தார். அது வாசப்படியைக்கூடத் தாண்டவில்லை. கையில் இருந்த சிகரெட்டைப் பார்த்தார். பிறகு அதை வாயில் வைத்து இழுத்தார். இருக்கிற மூச்சு இரண்டில் ஒன்றுக்குத்தான் போதும்.

"கேக்குதாடா?" என்று அண்ணன் அங்கிருந்து கத்தினார்.

இவர் கையைத் தூக்கிக் காட்டினார். அண்ணனுக்குக் கண் சரியாகத் தெரியாது போலிருக்கிறது. மறுபடி, "டேய், கேக்குதா இல்லியா?"

நான் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன்.

"கேக்குதாம்ணா!" என்று கத்தினேன். "சொல்லுங்க!"